படிப்பை நிறுத்த ஐந்து காரணங்கள்

விருதுநகர்,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய செந்தூர்பாண்டி மாமா அவர்களுக்கு, கல்லூரி விடுதியின் நான்காம் எண் அறையிலிருந்து மருமகள் பாண்டிலட்சுமி வணங்கி எழுதுவது. நான் இங்கு சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதற்குமேல் நலம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அச்சங்குளத்தில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுதுவிடுவேன், நீங்கள் லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டே கேட்பீர்கள், பின்னால் பட்டாசுப் பெட்டி வேறு இருக்கும். அதனால்தான் கடிதம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து என்னையும் என் ட்ரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். சீசன் நேரம், லோடு நிற்காது என்று தெரியும். ஆனாலும் என்னால் முடியவில்லை மாமா.

பள்ளியில் சார் ஒவ்வொரு பாடத்திலும் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பார், அதை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன், பரீட்சையில் அதுவே வரும். இங்கு வேதியியல் வகுப்பில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதினான்கு நாள் காத்திருந்தேன், ஒருவரும் ஒரு வரி சொல்லி எழுதச் சொல்லவில்லை. பதினைந்தாம் நாள் எழுந்து, "மேடம், இதுல முக்கியமான கேள்வி எதுங்க?" என்று கேட்டதற்கு, "எல்லாமே முக்கியந்தான்மா, உக்காரு" என்றுவிட்டார்கள். சரி, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிடுவோம் என்று முதல் பாடத்தை இங்கிலீஷிலேயே முழுதாக விழுங்கி, கூடுதல் தாள் எட்டு வாங்கி எழுதினால் ஐம்பதுக்கு ஒன்பது மதிப்பெண் வந்தது. புத்தகத்தில் 'படம் 2.3ஐப் பார்க்கவும்' என்று இருந்ததையும் நான் அப்படியே எழுதியிருந்தேன், படம்தான் வரையவில்லை. அடுத்து அதே பாடத்தைப் பற்றி எல்லோருக்கும் முன்னால் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் மூச்சுவிடாமல் ஒன்றரை நிமிடத்தில் ஒப்பித்து முடித்துவிட்டேன். மீதி நேரம் எம்புட்டு நேரந்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது? "இப்ப உன் சொந்த வார்த்தையில சொல்லு" என்றார்கள். அதையே மறுபடி மெதுவாக ஒப்பித்தேன். பின்பெஞ்சில் ஒருத்தி சிரித்துச் சிரித்து இருமல் வந்து வெளியே போனாள். என் பக்கத்தில் எவாஞ்சலின் என்று இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளை. மேடம் வாயைத் திறந்தாலே புரிந்ததுபோலத் தலையாட்டுவாள். அவள் ஆட்டுகிற ஒவ்வொரு ஆட்டுக்கும் நான் பெஞ்சில் ஓர் அங்குலம் தள்ளி உட்காருகிறேன். இதில் சனிக்கிழமை ஊருக்கு வந்தால், என் ப்ளஸ் டூ மார்க்குக்காக நீங்கள் ஆசையாக அடித்து வைத்த ஃப்ளெக்ஸில் என் மூஞ்சி பஸ் ஸ்டாப்பில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பயந்தே முந்தின ஸ்டாப்பில் இறங்கி நடக்கிறேன்.

அம்மா வேலை பார்க்கும் கம்பெனியில் தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் அடுக்க ஆள் கேட்கிறார்களாம். எந்தப் பெட்டியில் எத்தனை சரம், எத்தனை மத்தாப்பு என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவேன். அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். உங்களைத் தவிர வேறு யார் சொன்னாலும் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அத்தைக்கு என் வணக்கம். சின்னவள் ரோஜாவுக்கு முத்தம். அவள் வாய்ப்பாடு கடகடவென்று சொல்கிறாள் என்று ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம்.

களைத்துப்போன மருமகள்,
பாண்டிலட்சுமி.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. இதைத் தபாலில் போட விடுதியிலிருந்து வெளியே விடவில்லை, அதற்குள் இப்படி ஆகிவிட்டது. செவ்வாயன்று டி.சி. கேட்டுத் துறைத்தலைவர் லட்சுமிகாந்தம் மேடத்திடம் போனேன். "வாயால சொன்னா ஆகாது. ஏன் நிறுத்துறன்னு காரணத்தை எழுதிட்டு வா" என்றார்கள். இதற்கு கைடு எதுவும் கிடையாது, நானே உட்கார்ந்து ஐந்து காரணம் எழுதினேன். மேடம் படித்துவிட்டு மூன்றாவதன் மேல் பேனாவை வைத்தார்கள். 'வகுப்பில் எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும் புரியவில்லை' என்பது அது.

"எல்லாருக்கும் புரியுதுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? எத்தன பேர்ட்ட கேட்ட?"

"கேக்கலைங்க மேடம்."

"போயி கேட்டுட்டு வா."

இரண்டு நாள் குழாயடியிலும் சாப்பாட்டு வரிசையிலும் நின்று நாற்பத்தொரு பேரிடம் "மேடம் நடத்துறது புரியுதா?" என்று கேட்டேன். முப்பத்துநான்கு பேர் புரியவில்லை என்றார்கள். ஆறு பேர் "எந்த மேடம்?" என்று திருப்பிக் கேட்டார்கள். எவாஞ்சலின் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தலையாட்டலைன்னா என்கிட்ட கேள்வி கேட்டுருவாக, அந்தப் பயத்துலதான் ஆட்டுறேன்" என்றாள்.

மூன்றாவதை அடித்துவிட்டேன். மற்ற நான்கும் விடுதிச் சாம்பாரைப் பற்றியவை. மேடம் அவற்றை நகல் எடுத்து வார்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே வண்டி வேண்டாம் மாமா, அப்பாவிடமும் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானும் எவாஞ்சலினும் முதல் பாடத்தை முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

விண்ணப்பத்தை மேடம் திருப்பிக் கொடுத்தார்கள். மூலையில் சிவப்பு மையில் பத்துக்கு ஏழு போட்டிருந்தது. இந்தக் கல்லூரியில் நான் வாங்கிய முதல் பாஸ் மார்க் அதுதான்.