ஜன்னலோரத்தில் ஒருத்தி

அந்த ஜப்பான்காரியை வீட்டைவிட்டு அனுப்பியே தீருவது என்று ஆனந்த்ராஜ் முடிவுக்கு வந்தார். அவள் வந்ததிலிருந்து சொந்த வீட்டில் அவருக்கு மரியாதை இல்லை. சாயங்காலம் கடையடைத்துவிட்டு வந்தால் டிவிக்கு முன்னால் ரீனா உட்கார்ந்திருப்பாள். டிவிக்கு உள்ளே அவள் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் கட்டின புருஷன் நின்றால், "கொஞ்சம் தள்ளிக்கங்க, மறைக்குது" என்று பதில் வரும்.

அவள் கார்ட்டூன்காரி. மகள் ஜெஸ்ஸி திருச்சி ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, "தனியா இருந்தா இதப் பாரும்மா" என்று டிவியில் போட்டுக் காட்டிவிட்டுப் போன ஜப்பான் அனிமே. கடலோரத்தில் ஒரு ஓட்டு வீடு. அதில் தனியாக ஒரு பெண். ரீனா அவளை அக்கா என்றுதான் சொல்வாள். அக்கா ரொட்டிக்கடைக்கு வேலைக்குப் போவாள், திரும்பி வருவாள், சோறு பொங்குவாள், துணி காயப்போடுவாள். அவ்வளவுதான் கதை.

"ஏ ரீனா, இதுல எப்பத்தான் ஏதாச்சும் நடக்கும்?"

"நடக்குதுல்ல."

"என்ன நடக்குது?"

"பல்ப மாத்துறா."

"இம்புட்டு நேரமாவா?"

"மொதல்ல ஸ்டூலத் தொடச்சா. நீங்க லேட்டா வந்துட்டீங்க."

ஆனந்த்ராஜுக்குச் செய்தி விவாதம் வேண்டும். செம்பட்டி ரோட்டில் சொட்டுநீர்க் குழாயும் மோட்டார் சாமானும் விற்கிறவர். பகலெல்லாம் கடையில் சத்தம் கேட்டவருக்கு வீட்டிலும் நாலு பேர் ஒருத்தர் பேச்சில் ஒருத்தர் ஏறி விழுந்தால்தான் காலை நீட்டத் தோன்றும். மகள் போன பிறகு அந்தச் சத்தம் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஏன் என்று அவர் யோசித்ததில்லை.

வழி காட்டியவர் ஆத்தூர் மலைச்சாமி. வால்வு வாங்க வந்தவர், இப்போதெல்லாம் தோட்டத்து மோட்டார் ரூமுக்குத் தனியாகப் போவதில்லை என்றார்.

"ஏண்ணே, எதையும் பாத்தீங்களா?"

"நான் ஒண்ணும் பாக்கல அப்பு. மூலையில ஆரோ நிக்கிறாகன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரன் சொன்னான். சொன்னதுலருந்து கண்ணு அங்கனதான் போகுது. வேலை ஓடல."

ஆனந்த்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். வால்வோடு சேர்த்து மலைச்சாமிக்கு ஒரு டீயும் சொன்னார்.

அன்று சாயங்காலம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"ரீனா, ஒண்ணு சொல்றேன். பயப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்த வீட்டுப் பின்பக்க ஜன்னல் இருக்குல்ல. திரைக்குப் பின்னாடி ஒரு பொம்பள நிக்கிறா. தெனமும் நிக்கிறா. உங்க அக்காவுக்கே தெரியாது."

ரீனா பதறவில்லை. டிவியை அணைக்கவும் இல்லை. மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களும் பாத்துட்டீங்களா?" என்றாள். "எனக்கு மட்டுந்தான் தெரியுதுன்னு நெனச்சேன்."

ஆனந்த்ராஜுக்குக் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"நீ எப்பருந்து பாக்குற?"

"ஜெஸ்ஸி போன மறுநாள்லருந்து. உக்காருங்க. இப்ப வருவா."

உட்கார்ந்தார். அக்கா கெண்டியை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதித்து மூடி தடதடவென்று ஆடியது. பின்னால் ஜன்னல். திரை அசையாமல் தொங்கியது. ஒருத்தியும் வரவில்லை. வராதது, வருவதைவிட மோசமாக இருந்தது.

மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாள் கடையைச் சீக்கிரம் அடைத்தார். செய்தி விவாதம் மறந்தே போனது. ஒரு மூலை விடாமல் பார்த்தார். பாத்திரம் கழுவும் அக்காவின் முதுகுக்குப் பின்னால், மழை சொட்டும் கொடிக்கயிற்றுக்குப் பின்னால், செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே.

"நம்மள ஒண்ணும் செய்யாதே?" என்று ஒருநாள் கேட்டார்.

"வேலையா இருக்கவங்ககிட்ட வர்றதில்ல போலருக்கு. அக்காவப் பாருங்க, ஒரு நிமிஷம் சும்மா இருக்காளா? கைய வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கவங்க பக்கத்துலதான் வந்து உக்காருது."

அன்றைக்கு வெஞ்சனத்துக்கு இருந்த அவரைக்காயை ஆனந்த்ராஜ் நறுக்கினார். மறுநாள் கீரை ஆய்ந்தார். காய்ந்த துணியை மடித்தார். கல்யாணமான காலத்திலிருந்து அலமாரி எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாதவர், துணியை அவளுடையது தன்னுடையது என்று பிரித்து அதில் அடுக்கியும் வைத்தார்.

நம்பிக்கை இல்லாமல் பக்கத்து வீட்டு ரிஃபாத்திடம் ஒரு வார்த்தை கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரீனாவோடு சேர்ந்து பார்க்கிறவள் அவள்.

"இருக்காங்கண்ணே," என்றாள் ரிஃபாத். "நான் அந்தப் பக்கம் பாக்குறதே இல்ல. நாம பாக்குறோம்னு தெரிஞ்சா அது நம்மளப் பாக்க ஆரம்பிச்சுருமாம்."

அவர் ஏற்கெனவே நிறையப் பார்த்திருந்தார்.

ஒரு மழைநாள் அத்தியாயம். அக்கா அலமாரியிலிருந்து இரண்டு கோப்பை எடுத்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாள். ஆனந்த்ராஜ் ரீனாவின் கையைப் பார்த்தார். ரீனாவும் சாப்பாட்டு நேரத்தில் மூன்று தட்டை எடுத்து ஒன்றைத் திரும்ப வைப்பாள். பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறார். பார்த்தது இப்போதுதான் தெரிந்தது.

அந்த நினைப்பிலேயே கண்ணை நிமிர்த்தினார். பின்பக்க ஜன்னல் திரையின் ஓரத்தை பின்னாலிருந்து நாலு விரல்கள் பிடித்திருந்தன. வெளுத்த விரல்கள். திரை ஒரு விரற்கடை விலகியது. காட்சி மாறிவிட்டது.

ரீனாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சேரை அவள் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தார். ரீனா பேகம்பூரில் தையல்கடைக்குப் போயிருந்தாள். வெயில் தெருவைக் காலி செய்து வைத்திருந்தது. ஒரு நாய்கூட இல்லை. பூட்டைத் திறந்து உள்ளே போனார்.

டிவியைப் பார்த்துப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் சேர் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. யாரோ அதில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்த மாதிரி. பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் டீ. ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ரீனா" என்றார். பதில் இல்லை. பின்கதவைப் போய்ப் பார்த்தார். பூட்டியிருந்தது. அடுப்பைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது.

சாப்பிடாமலே கடைக்குத் திரும்பிவிட்டார். அன்றைக்கு முக்கால் இஞ்ச் குழாய் கேட்டவருக்கு இரண்டு இஞ்ச் கொடுத்தனுப்பினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒப்புக்கொண்டார். ரிஃபாத்தும் அங்கே இருந்தாள். வெட்கப்படும் நிலையை எல்லாம் அவர் தாண்டியிருந்தார்.

"ரீனா, நான் சொன்னது பொய். நியூஸ் பாக்கணும்னு நானா கட்டிவிட்டது. அப்படி ஒருத்தியும் கெடையாது. ஆனா சொல்லிச் சொல்லி வீட்டுக்குள்ளயே கூப்டு விட்டுட்டேன் போலருக்கு. நாளைக்கே ஃபாதரக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்லுவோம்."

ரீனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரிஃபாத்தால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"பொய்யின்னு அன்னிக்கே தெரியும்," என்றாள் ரீனா. "ஒங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. சொல்லும்போது காது செவக்கும்."

"அப்ப சேரு?"

"நாந்தான் திருப்பி வச்சுட்டுப் போனேன்."

"டீ?"

"நாந்தாண்ணே," என்றாள் ரிஃபாத். "ஒங்க வண்டிச் சத்தம் கேட்டதும் கொண்டாந்து வச்சுட்டு, பின்பக்கமா பூட்டிட்டு ஓடிட்டேன். சாவி எங்கிட்டயும் ஒண்ணு இருக்குல்ல."

ஆனந்த்ராஜ் சேரில் சாய்ந்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. மூன்று பேருமாகச் சிரித்தார்கள்.

"நல்லா ஆட்டி வச்சீங்க," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாஞ் சரி. நேத்து அந்த ஜன்னல் திரையில கை தெரிஞ்சதே. அத எப்படிச் செஞ்சீங்க?"

ரீனாவின் சிரிப்பு நின்றது. ரிஃபாத்தைப் பார்த்தாள். ரிஃபாத் அவளைப் பார்த்தாள்.

"எந்தக் கை?" என்றாள் ரீனா.

"அதான், கோப்பைய உள்ள வச்சப்போ. நாலு விரல்."

"டிவிக்குள்ள நாங்க என்னங்க செய்ய முடியும்?"

ரிஃபாத் அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தவளாக எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள். ரீனா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து நீட்டினாள்.

"இனிமே நீங்க நியூஸே பாத்துக்கங்க. நான் ஒண்ணுஞ் சொல்லல."

"வேணாம்," என்றார் ஆனந்த்ராஜ். "அதையே போடு."

அக்கா வந்தாள். விளக்கைப் போட்டாள். கெண்டியில் தண்ணீர் ஊற்றினாள். ஆனந்த்ராஜ் இமைக்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு அங்கேயே இருக்கட்டும்," என்ற ரீனா, சின்ன வெங்காயத் தட்டை அவர் மடியில் வைத்தாள். "கை சும்மாதான இருக்கு."