கீழ்ப்புறத்து யன்னல் வழக்கு

அம்பிட்டிய,
கண்டி.
12.7.1967

அன்புள்ள மச்சான் சுந்தரலிங்கத்துக்கு,

நீரும் வீட்டாரும் சுகமாக இருக்க நல்லூரான் துணை. இங்கே மழையும் நானும் வழமைபோல இருக்கிறோம். நிற்க. எனக்கு ஒரு நடுவர் தேவை. அவசரம்.

உமது தமக்கை பத்மாதேவியின் ஆட்டைத் திவசத்துக்கு வந்தபோது, "அத்தான், இந்தக் குளிருக்குள்ளை மனிசன் இருப்பானோ? காலமை வெயில் விழுகிற அறை எண்டால் ஒரு மாசம் நிப்பன்" என்று சொன்னீர் அல்லவா? அந்த ஒரு மாதத்தை நம்பி, வீட்டோடு சேர்த்து ஓர் அறை கட்ட மேசன் முனாப் பாஸுக்குக் கொந்தராத்துக் கொடுத்தேன். ஒப்பந்தத்தை நானே எழுதினேன். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருஷம் கோப்பு எழுதின கை, "கிழக்கு" என்று எழுதினால் போதாதா? "கீழ்ப்புறம் பெரிய யன்னல் ஒன்று" என்று செந்தமிழில் எழுதித் தொலைத்தேன். நமக்குக் கீழ்ப்புறம் என்றால் சூரியன் உதிக்கிற பக்கம். முனாப் மலையில் பிறந்தவர், அவருக்கு அது பள்ளப் பக்கம். பள்ளத்தைப் பார்க்க யன்னலை வைத்துவிட்டார். அது மேற்கு, மச்சான்! நான் துள்ளினேன். "ஐயா, நீங்க எழுதினதத்தானே நான் செஞ்சேன்? கீழ்ப்பக்கம் எதுன்னு ரோட்டுல போற யாரையும் கேளுங்க" என்றார். மூன்று பேரைக் கேட்டேன். மூவரும் பள்ளத்தைக் காட்டினார்கள்.

தகராறு வந்தால் இரு பகுதியாருக்கும் சம்மதமான, ஒரு பக்கமும் சாராத ஒருவர் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று ஒப்பந்தத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அதுவும் நான் எழுதினதுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் முனாப் வருவார், நான் தேத்தண்ணி போடுவேன், இருவரும் கதிரையில் இருந்து நடுவர் தேடுவோம். நான் ஓவசியர் சண்முகநாதனைச் சொன்னேன். "அவரு உங்க ஊராளு, அவருக்கும் கீழ்ன்னா கிழக்குத்தான்" என்று முனாப் வெட்டினார். அவர் கம்பளை மரக்காலை ஹுஸைன் ஹாஜியாரைச் சொன்னார். அவரோ அந்த யன்னலுக்கே பலகை கொடுத்தவர், போதாததற்கு முனாபின் மாமனார். நல்ல நியாயம்! சந்திக் கடை அழகரைக் கேட்டோம். "ரெண்டு பேருமே எங்கடையில டீ குடிக்கிறீங்க. நான் தீர்ப்புச் சொன்னா ஒருத்தர் வரமாட்டீங்க. என்னைய விட்டுருங்க சாமி" என்று கும்பிட்டார்.

கடைசியில் முனாப், "ஐயா, இந்த டவுன்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க பேரையெல்லாம் எழுதுங்க, அதுல ஒருத்தரப் பாப்போம்" என்றார். எழுதக் குந்தினன். முப்பத்தொரு வருஷம் இருந்த டவுன். முதலாவது, பத்மாதேவி எண்டு கை தன்பாட்டிலை எழுதிப்போட்டுது. வெட்டினன். இரண்டாவது, முனாப். தள்ளின ஆக்களை விட்டால் மூண்டாவதுக்கு ஆளில்லை. கண் கலங்கிப் போச்சு மச்சான், சொல்ல வெக்கமாய்க் கிடக்கு. முனாப் கடதாசியைப் பார்த்துப்போட்டு மடிச்சு வைச்சார். பிறகு, "அந்த ரூம்ல படுக்கப் போறவர வரச் சொல்லுங்க. அவரு சொல்றதுதான் தீர்ப்பு" எண்டார்.

ஆகையால் நடுவர் நீர்தான். யாழ்தேவி ரயிலில் ஏறிப் பொல்காவலையில் மாறி வாரும். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். வெயில் எங்கை விழுது எண்டு ஒரு மாசமாவது படுத்துப் பார்த்துத்தான் சொல்லவேணும்.

பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வாதியும் உமது அத்தானுமாகிய
ஸ்ரீஸ்கந்தராசா

பி.கு.: இந்தப் பொய்யை உறையிலை ஒட்டி அனுப்ப மனம் வரேல்லை. போன செவ்வாய்க்கிழமை முனாப் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கிழக்குச் சுவரை உடைச்சு, கூலியும் வாங்காமல் இன்னொரு யன்னல் வைச்சுவிட்டார். வழக்கு முடிஞ்சுது. அண்டையிலிருந்து அவரும் வாறதில்லை. காலமை ஏழு மணிக்கு வெயில் வந்து வெறுங்கட்டிலிலை விழுது. வாரும் மச்சான். நீர் வராவிட்டால், அந்த யன்னலிலையும் நான் ஒரு பிழை கண்டுபிடிக்கத்தான் வேணும்.