கைகாட்டியும் டோபமீனும்

வடசென்னையில் வாயைத் திறக்காமலே குடும்பம், வேலை, சண்டை மூன்றையும் நடத்திக் காட்டிய ஒரே ஆம்பளை கைகாட்டிதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், கீழே நின்று கிரேன் ஆபரேட்டருக்குச் சைகை காட்டுவது அவர் வேலை. உள்ளங்கையை விரித்தால் பெட்டி நிற்கும். கட்டைவிரலைத் தூக்கினால் ஏறும். விரல் நுனிகளைச் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தால் மெதுவாக இறங்கும். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. அந்தப் பதிவேட்டை எழுதிய டைம் ஆபீஸ் குமாஸ்தா நான்.

வீட்டிலும் அதே பாஷைதான். சோறு போதும் என்றால் உள்ளங்கை. குழம்பு கொஞ்சமாக ஊற்ற விரல் நுனி. அவர் மனைவி காசிமேட்டில் மீன் விற்பவர், மூச்சுவிடாமல் பேசுவார். "கட்டிகினு வந்தப்ப ஊமைன்னே நென்ச்சேன். மூணாம் நாளு தும்முனாரு, அப்பதான் சத்தம் கீதுன்னு தெரிஞ்சிது" என்பார். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றால் கைகாட்டி நடுவில் போய் நிற்பார். ஒருமுறை போக்குவரத்துக் காவலருக்கே பின்னால் போகச் சைகை காட்டினார். அவரும் பின்பக்கமாகவே நடந்து ஓரம் போய்ச் சேர்ந்தார்.

அப்படிப்பட்ட கை ஒரு மழைக்காலத்தில் ஆட ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல உரசிக்கொண்டன. எங்கள் யார்டில் அதற்கு ஒரே அர்த்தம்: மெதுவாக இறக்கு. கைகாட்டி பேசாமல் நிற்க, மேலே இருந்த ஆபரேட்டர் அந்த விரலைப் பார்த்துப் பெட்டியை அங்குலம் அங்குலமாக இறக்கினார். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருந்த மேனேஜரின் கார்மேல் அது உட்கார்ந்தது. அவ்வளவு நிதானமாக ஒரு கார் நசுங்கி நான் பார்த்ததில்லை.

"கை ஆடுது, கால் இழுக்குது. குடிச்சிருக்கான்" என்றார் மேனேஜர். கைகாட்டி இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். வாடை வந்ததா என்று என்னைக் கேட்டார்கள். வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலையை நீட்டிக்கும் கடிதம் மேனேஜர் மேஜைமேல் கிடந்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நான் ஒரு கோழை. மறுநாள் அவருக்கு வேலை போனது. யார்டு வாசல் டீக்கடையில் 'குடிகாரன்' என்ற பெயர் மிஞ்சியது.

மனசு உறுத்தியதால் அரசு மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். "பார்கின்சன் நோய்மா. மூளையில டோபமீன் கொறஞ்சிடுச்சு" என்றார் டாக்டரம்மா.

"அது இன்னா மீனு? காசிமேட்டுல நான் பாக்காத மீனா?" என்றார் கைகாட்டியின் மனைவி.

"மீன் இல்லம்மா. மூளைக்குள்ள சேதி கொண்டுபோற ரசாயனம். கொறஞ்சா உடம்பு சொன்ன பேச்சு கேக்காது. மருந்து கூடிப்போனா சில பேருக்கு இல்லாததெல்லாம் தெரியும்."

அந்த அம்மாளுக்குத் திருப்தியில்லை. கரைக்கு வந்த படகிலெல்லாம் டோபமீன் விசாரித்தார். "அது ஆந்திரா பக்கம் போய்ட்ச்சுக்கா" என்றாராம் ஒரு படகுக்காரர்.

மாத்திரையில் கை அடங்கியது. அளவைக் கூட்டியதும் டாக்டரம்மா சொன்னபடி இல்லாததெல்லாம் தெரிய ஆரம்பித்தது. பட்டப்பகலில் அடுப்புக்கு மேலே கன்டெய்னர் தொங்கியது. "நவுரு, தலைக்கு மேல லோடு கீது" என்று கத்தினார் கைகாட்டி. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்து வெங்காயம் அரிந்தார். "அவுரு கண்ணுக்குத் தெரியுது தம்பி. நான் நவுரலன்னா பயந்துடுவாரு" என்றார். அளவைக் குறைத்ததும் பெட்டி போனது. நடுக்கம் பாதி திரும்பி வந்தது.

அப்போதுதான் கைகாட்டி என்னிடம் ஒன்று கேட்டார். "நான் குடிக்கலன்னு அந்த டீக்கடையில சொல்ட்டு வா நைனா. வேற ஒண்ணும் வேணாம்." கையெழுத்துப் போட்டது யார் என்று அவருக்கு முதல் நாளே தெரியுமாம்.

எனக்குத் தைரியம் வர ஒரு வருஷம் ஆனது. அதற்குள் யார்டும் டீக்கடையும் கைமாறி, பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை. டீ கிளாசோடு எழுந்து நின்று, "கைகாட்டி குடிக்கல. நான் எழுதிக் குடுத்தது பொய்" என்றேன்.

"யாரு கைகாட்டி?" என்றார் டீ மாஸ்டர்.

"இன்னா மாமு, காலைலயே போட்டுகினு வந்துட்டியா?" என்றான் பெஞ்சில் இருந்தவன். கடையே சிரித்தது.

திரும்பிப் போனேன். "இன்னா சொன்னாங்கோ?" என்றார் கைகாட்டி. அந்த நோயில் முகத்துக்குச் சிரிப்பு வராது, அழுகையும் வராது. கண் மட்டும் என் வாயையே பார்த்தது.

"எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்கண்ணே. அண்ணன் எப்படி இருக்காருன்னு கேட்டாங்க" என்றேன்.

அவரைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய் அது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதையே திரும்பக் கேட்கிறார். நானும் எழுந்து நின்றவர்களில் ஒருவர் பேர்கூட விடாமல் சொல்கிறேன்.