கரடிக்கு எடுத்த ஆலாத்தி

உ
சிவமயம்

உரும்பிராய் கிழக்கு,
15.06.1993, செவ்வாய் இரவு.

பேரன்புள்ள சீவரத்தினம் மாமாவுக்கு,

மருமகள் குணலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மாமியும் சின்னவனும் கனடாக் குளிரிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே எங்களில் ஒருவருக்கும் சுகமில்லை. காய்ச்சல் தடிமன் ஒன்றுமில்லை, நீங்கள் அனுப்பிய வீடியோக் கசெற்தான் காரணம். இதை எழுதுவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஜாம் போத்தல் விளக்கின் திரியை இறக்கி வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அது பயத்தால் வந்த கோணல், வகுப்பில் என் எழுத்து அழகானது. விடிய ஐந்து மணிக்குக் கனிசியஸ் மாஸ்டர் கொழும்புக்குப் போகிறார். அப்பாவின் கடிதம் அவரிடம்தான் போகிறது, இதையும் அவரிடமே கொடுப்பேன். அப்பாவின் உறையைக் கிழிக்க முதல் இதை வாசியுங்கள். கமலாவதி அக்காவின் கல்யாணம் நின்றுபோனால் பாதிப் பிழை மாப்பிள்ளையுடையது, மற்றப் பாதி என்னுடையது. என்னுடைய பாதி இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

நீங்கள் பேசிய மாப்பிள்ளை சோமசேகரத்தின் சாதகக் குறிப்பு அக்காவின் குறிப்போடு நன்றாகப் பொருந்தியது. ஆனால் வந்த புகைப்படத்தில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "ஆள் நடக்கிறதையும் கதைக்கிறதையும் பாக்காமல் பெட்டையை அனுப்பேலாது" என்று அப்பா சொல்ல, மாப்பிள்ளையையே வீடியோ எடுத்து அனுப்புவதாக நீங்கள் எழுதினீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அனுப்ப முதல் அதை ஒருக்கால் போட்டுப் பார்த்தீர்களா, மாமா? அங்கே சுவரில் தட்டினால் கரண்ட் வரும். இங்கே மூன்று வருடமாகக் கரண்ட் இல்லை. ஒரு கசெற் பார்ப்பதென்றால் வாடகைக்கு விடுகிற ஏரம்பு அண்ணையின் டீவியும் டெக்கும் என்ஜினும் தள்ளுவண்டிலில் வரவேண்டும். என்ஜினைச் சொட்டுப் பெற்றோலில் இழுத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டவேண்டும். நிவாரணத்தில் கிடைத்ததில் அம்மா மாதக்கணக்காக மிச்சம் பிடித்தது இரண்டே இரண்டு போத்தல். இராவில் ஏரம்பு அண்ணைக்கு வேறு வீடுகள் இருந்தபடியால் ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு வந்தார். நாங்கள் யன்னல்களுக்குப் பாய் கட்டி இருட்டாக்கினோம். மாப்பிள்ளையின் பெரியப்பா கனகசபாபதி வேட்டி சால்வையோடு வந்து, வெள்ளை விரித்த கதிரையில் இருந்தார். இங்கிலீசு வந்தால் விளங்கப்படுத்துவதற்காக அப்பா கனிசியஸ் மாஸ்டரையும் கூப்பிட்டிருந்தார். அக்கா சேலை கட்டி, அறைக் கதவோரம் கதிரையில் இருந்தார்.

அம்மா ஒரு வேலை செய்தார். மாப்பிள்ளை முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வருகிறார், பெட்டிக்குள்ளால் வந்தாலும் வரவு வரவுதான் என்று சொல்லி, வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்தி ஆலாத்தித் தட்டு ஆயத்தம் செய்தார். ஏரம்பு அண்ணை என்ஜினை இழுத்தார், டெக் கசெற்றை விழுங்கியது, வாத்தியச் சத்தம் பிறந்தது. அம்மாவும் பெரியம்மாவும் உடனே எழுந்து டீவிக்கு முன்னால் மூன்று தரம் தட்டைச் சுற்றினார்கள். அம்மா டீவிக் கண்ணாடியின் நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். உள்ளே ஒரு கரடி ஆடிக்கொண்டிருந்தது.

மாமா, நான் பொய் சொல்லவில்லை. தொப்பி போட்ட கரடி. கையால் கீறிய கார்ட்டூன் படம், ஆனால் உயிருள்ளதுபோல ஆடுகிறது. அது ஒரு கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு பாலத்தால் போகிறது. மிதிக்கிற பலகை ஒவ்வொன்றும் ஆர்மோனியக் கட்டைபோல இசைக்கிறது, கீழே தவளைகள் தங்கள் வயிற்றிலேயே மேளம் அடிக்கின்றன, கரையில் நிற்கிற வீடுகள்கூட இடுப்பை வளைத்து ஆடுகின்றன. ஒருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை. "ஏரம்பு, கலரை விடன்ராப்பா!" என்று அப்பா கத்தினார். "கனடாக் கொப்பி எங்கடை டெக்கிலை இப்பிடித்தான் விழும் ஐயா, என்னைப் பேசாதேங்கோ" என்றார் அவர். கனகசபாபதி ஐயாவுக்குப் பார்வை மட்டு, தம்பி மகனைக் கண்டும் பதினொரு வருடம். அவர் முன்னுக்குச் சரிந்து, "உதிலை தொப்பியோடை நிக்கிறது எங்கடை சேகரமே? நல்லாக் கொழுத்திட்டான்" என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் என் முழங்கையைக் கடித்தேன். தழும்பு இப்பவும் இருக்கிறது.

கரடி முடியும், மாப்பிள்ளை வருவார் என்று இருந்தால் அடுத்ததாகத் தேநீர்க் கேத்தில்களுக்குக் கால் முளைத்தது. அதற்கடுத்ததில் நிலா இறங்கிவந்து வயலின் வாசித்தது. "உதை ஓடவிட்டு முன்னுக்குக் கொண்டு போங்கோவன்" என்று பெரியம்மா சொல்ல, "ஓடவிட்டால் டெக்கின்ரை ஹெட் தேஞ்சு போயிடும்" என்று ஏரம்பு அண்ணை டெக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கனிசியஸ் மாஸ்டர்தான் கண்டுபிடித்தார். படத்தின் ஓரத்தில் இன்னொரு டீவியின் விளிம்பு தெரிகிறது, கீழே காலுறை போட்ட இரண்டு பாதம் மேசைமேல் கிடக்கிறது, இடைக்கிடை ஒரு ஆம்பிளை சிரிக்கிற சத்தம் கேட்கிறது. "மாப்பிளை புதுக் கமெராவைப் பழகிறதுக்குத் தன்ரை டீவியைப் படம் பிடிச்சுப் பாத்திருக்கிறார். உந்தப் படங்கள் அறுபது வருசத்துக்கு முந்தினது, சினிமாவுக்குச் சத்தம் வந்த புதுசிலை கீறினது. அசலிலையே கறுப்பு வெள்ளைதான்" என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "அறுபது வருசத்துக்கு முந்தின கரடியை உவன் ஏன் இப்ப இருந்து பாக்கிறான்? அதுவும் தனிய இருந்து சிரிக்கிறான்! உது சுகமான ஆள் செய்யிற வேலையே?"

அந்த நேரம் பார்த்து ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. எல்லோரும் பங்கருக்குள் ஓடினோம். நிற்பாட்டினால் திரும்ப எழுப்பப் பெற்றோல் இல்லை என்று ஏரம்பு அண்ணை என்ஜினை ஓடவிட்டே வந்தார். கால் மணித்தியாலம் மண்ணுக்குள் ஒருவர்மேல் ஒருவர் குந்தியிருக்கிறோம், வீட்டுக்குள்ளே கேத்தில்கள் பாடுகின்றன, மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறார். எங்கள் மண்ணெண்ணெயில், மாமா! திரும்பிப் போனால் அக்கா கதிரையை விட்டு எழும்பாமல் அதே இடத்தில் இருக்கிறார். "ஹெலி சுத்துது, நீ என்னடி செய்தனி?" என்று அம்மா தலையில் குட்டினார். "சத்தத்திலை கேக்கேல்லை அம்மா" என்றார் அக்கா. டீவியில் ஒரு முதலை தன் முதுகை மத்தளமாக்கி வாசித்துக்கொண்டிருந்தது.

இனி என்னுடைய பாதி. முதற் போத்தல் முடிய, ஏரம்பு அண்ணை இரண்டாவதை ஊற்றினார். மாமா, எனக்கு டிசம்பரில் சோதனை. இரவில் படிக்க எண்ணெய் தரமாட்டார்கள், பகலில் படிக்க வேலை விடாது. அந்த இரண்டாவது போத்தலில் பாதியை நான் சித்திரை முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் படித்துவிட்டேன். அளவு குறைந்தது தெரியாமலிருக்கத் தண்ணீர் விட்டு வைத்தேன். என்ஜினுக்கு ஊற்றுவார்கள் என்று நான் கண்டேனா? சரியாக அந்த நேரத்தில்தான் முதலை மறைந்து, கமெரா ஆடி, "ஹலோ, ஹலோ, படம் விழுதோ?" என்று ஒரு குரல் வந்தது. ஒரு சேட்டுப் பொத்தான் வந்தது. ஒரு கை வந்தது. தாடையில் பாதி வந்தது. அவ்வளவுதான், என்ஜின் இருமி இருமிச் செத்துப்போனது. பிறகு உயிர் வரவேயில்லை. ஏரம்பு அண்ணை தாங்கியைக் கவிழ்த்து மணந்து பார்த்து, "ஆரோ தண்ணி கலந்திருக்கினம்" என்றார். கலந்தவனின் காலை முறிப்பேன் என்று அப்பா முற்றத்தில் நின்று சத்தியம் செய்தார். 'கலந்தவன்' என்று சொன்னபடியால் இரண்டு நாளாக என் கால் தப்பியிருக்கிறது.

கனகசபாபதி ஐயா சால்வையை உதறி எழும்பினார். "எங்கடை பிள்ளையைக் காட்டுறம் எண்டு கூப்பிட்டு, கரடிக்கு ஆலாத்தி எடுத்து அவமானப்படுத்திப் போட்டியள்" என்று சொல்லிப் பயற்றம் பணியாரத்தைத் தொடாமலே போய்விட்டார். அப்பா இன்று பின்னேரம் உங்களுக்குக் கடிதம் எழுதுவித்தார். கண்ணில் வெள்ளை விழுந்து கிட்ட உள்ள எழுத்துத் தெரியாமல் போன பிறகு எங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் அப்பா சொல்ல அக்காதான் எழுதுவார். இதையும், பாவம், அவரே எழுதினார். 'தனிய இருந்து கரடி பாக்கிற ஆளுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன்' என்று தொடங்கி மூன்று பக்கம். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னபோது ஒரு சொல் தட்டாமல் வாசித்தார். அப்பா விரலால் இடம் தடவிப் பார்த்துக் கையெழுத்து வைத்தார்.

ஆகவே மாமா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அப்பாவின் கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். கசெற் மாறிவிட்டது, கரடிக் கசெற் சின்னவனுடையது, மாப்பிள்ளையுடையது உங்கள் மேசையிலேயே கிடக்கிறது என்று அப்பாவுக்கு எழுதுங்கள். சின்னவனுக்கு நாலு வயது, இந்தப் பொய்யை அவன் தாங்குவான். மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், இன்னொருக்கால் எடுத்தால் முதல் நிமிடத்திலேயே வந்து நிற்கவேண்டும், காலுறையோடு படுத்திருந்து சிரிக்கக்கூடாது. மண்ணெண்ணெய் விசயத்தை மாமிக்கும் சொல்லவேண்டாம்.

உங்கள் மூவரையும் பிள்ளையார் குளிராமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டு காலோடும் இருக்க விரும்பும் மருமகள்,
பொ. குணலட்சுமி

பி.கு.: மாமா, மேலே கேட்ட ஒன்றையும் செய்யவேண்டாம். உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கக் குசினிக்குப் போன இடத்தில் அக்காவிடம் பிடிபட்டுவிட்டேன். முழுவதையும் அடுப்படியில் இருந்து வாசித்தார். மண்ணெண்ணெய் வந்த இடத்தில் என் காதைத் திருகினார். மாப்பிள்ளை சிரித்த இடத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, "விசரி, உந்தப் பொய்யெல்லாம் எதுக்கு? அப்பான்ரை கடிதத்தை ஆர் எழுதினது?" என்று கேட்டார்.

"நீங்கள்தான். அப்பா சொல்லச் சொல்ல எழுதினீங்கள்."

"அப்பா சொன்னவர். நான் எழுதினனான். அவர் சொன்னதைத்தான் எழுதினன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

உறைக்குள் இருப்பது மூன்று பக்கமும் பூரண சம்மதமாம், மாமா. ஆவணியில் நாள் பார்க்கச் சொல்லி, கீழே அப்பாவின் கையெழுத்து. "ஐயோ அக்கா, பிறகு அப்பா இன்னும் கோபமா மறுத்து இன்னொரு கடிதம் போட்டால்?" என்று கேட்டேன்.

அக்கா விளக்கை ஊதி அணைத்துவிட்டு, "அதையும் நான்தானே எழுதவேணும்" என்றார்.