அழற்சி பூஜ்யம்

"சார், உங்க எச்சில் ரிப்போர்ட் வந்திருக்கு. என்னால நம்பவே முடியல," என்றார் பல் டாக்டர் போனில்.

தையல் மெஷின் மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவிக் காலில் விழுந்தது.

"ரொம்ப மோசமா டாக்டர்?"

"மோசமா! ஈறுல கிருமி சேர்ந்தா உடம்போட காவல் படை ஓடி வந்து சண்டை போடும். அதுலதான் ஈறு வீங்கி ரத்தம் வருது. அழற்சின்னு சொல்வோம். அந்தச் சண்டையோட தடயம் எச்சில்ல தெரியும். உங்க வீட்டம்மா எச்சில்ல கலவரமே நடக்குது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் உங்களோடதும் கேட்டேன். அதுல ஒரு சத்தம் இல்ல! பள்ளிக்கூடப் பசங்களுக்குக்கூட இப்படிப் பார்த்ததில்ல. நாளைக்கு அவங்களோட வாங்க. உங்க ஈறை நான் பார்த்தே ஆகணும்."

மெக்கானிக்குக்குக் குப்பென்று வியர்த்தது. சண்டை நடக்க வாயில் பல் இருந்தால்தானே? இளவயதிலேயே இதே ஈறு நோய் வந்து, ஒவ்வொன்றாக ஆடி, எல்லாம் போய்விட்டன. மேலும் கீழும் பல் செட். கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்த அன்றுதான் அவள், "உங்க பல்வரிசை எவ்வளவு அழகு!" என்று சொல்லித் தொலைத்தாள்.

அன்றிலிருந்து குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் பல்லைக் கழற்றுவார். அதை ஊற வைக்கும் மாத்திரைகளைப் பட்டறையில் எண்ணெய் கேன்களுக்குப் பின்னால் ஒரு டப்பாவில் ஒளித்து வைத்திருந்தார். எப்போதோ வாங்கிய டப்பா. எடுக்க எடுக்கத் தீரவே இல்லை. நல்ல கம்பெனி என்று அடிக்கடி மெச்சிக்கொள்வார்.

"போன்ல யாரு?" மனைவி எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"டாக்டர். என் ஈறு பிரமாதமா இருக்காம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "எல்லாம் பல் தேய்க்கிற விதத்துல இருக்கு," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அப்படியா? காலையில எனக்கும் சொல்லிக் குடுங்க."

காலையில் பிரஷ்ஷோடு பக்கத்தில் வந்து நின்றாள். அவர் தடதடவென்று தேய்த்துக் காட்டியதில் மேல் செட் கழன்று நாக்கில் விழுந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"எங்க, வாயைத் திறங்க, பார்க்கலாம்."

"ம்ஹூம்."

"ஏன்?"

"ம்ம்... ம்ம்." நுரையைச் சுட்டிக்காட்டினார்.

கிளினிக்குக்குப் போகாமல் தப்பிக்க வேறு வழி தோன்றவில்லை. "எனக்குப் பல் வலிக்குது. நீ மட்டும் போயிட்டு வா," என்றார்.

"பல் வலின்னா பல் டாக்டர்கிட்டத்தான் போகணும். பேங்குக்கா போவாங்க? கிளம்புங்க!"

வண்டியில் அவள் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். "இதைப் பல்லால கிழிச்சுக் குடுங்க. டாக்டரே மெச்சின பல்லாச்சே!"

அவர் சாவியால் கிழித்தார்.

டாக்டர் முதலில் மனைவியைத்தான் நாற்காலியில் உட்கார வைத்தார். பார்த்து முடித்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"முன்பல் நாலும் தாங்காதும்மா. எடுத்துட்டு செட் வெச்சுக்கலாம்."

மனைவி விருட்டென்று எழுந்துவிட்டாள். "வேண்டாம் டாக்டர். வலிச்சா வலிச்சுட்டுப் போகுது."

"விட்டா இந்த அழற்சி வாயோட நிக்காது. ரத்தத்துல கலந்து உடம்பு பூரா தொல்லை குடுக்கும்."

"செட்டுப் பல்லோட இவர் முகத்துல எப்படி டாக்டர் முழிப்பேன்?" கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

மெக்கானிக் அந்த வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். வாயில் கையை விட்டார். மேல் செட், கீழ் செட், இரண்டையும் எடுத்து டாக்டரின் எவர்சில்வர் தட்டில் வைத்தார்.

டங். டங்.

"ஐயோ!" என்று நர்ஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். டாக்டரின் கையிலிருந்த குட்டிக் கண்ணாடி கீழே விழுந்து உருண்டது.

மனைவி தட்டைப் பார்த்தாள். பிறகு, ஒட்டிப் போயிருந்த அவர் கன்னங்களைப் பார்த்தாள்.

"மன்னிச்சிடு," என்றார். பாதி காற்றாகத்தான் வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தாள். "எடுத்துடுங்க டாக்டர்."

எல்லாம் முடிந்து இருவரும் படியிறங்கிக் கீழே இருந்த மருந்துக்கடைக்கு வந்தார்கள். அவள் வாயில் பஞ்சு. பஞ்சை எடுத்ததும் பூகம்பம்தான் என்று நினைத்துக்கொண்டே மெக்கானிக் சீட்டை நீட்டினார்.

கடைப் பெண் அவரைக் கவனிக்கவே இல்லை. மனைவியைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"வாங்கம்மா! பல் செட் ஊற வைக்கிற மாத்திரை வந்திருக்கு, அதையும் தரட்டுமா? அதான், உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம அவர் டப்பாவுல கொட்டி வைப்பீங்களே!"