ஒன்பதாம் நாள், நாலு மணி

மாட்டுக்கு மூன்றாவது ஊசி போட இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியின் வண்டி வாசலில் வந்து நின்றது.

"நாளைக்கு வர்றதாத்தானே சொன்னாரு?" பெரியவர் தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு வந்தா என்ன, வாசல் இல்லையா? போய் வாங்கன்னு கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

சும்மா வந்தால் பரவாயில்லை. பெண் கொடுத்த இடம். கல்யாணப் பேச்சின்போதே பெரியவர் அங்கே மார்தட்டியிருந்தார்: "எங்க வீட்டு மாடு கன்னு போட்ட அறுபதாம் நாள் தானா பருவத்துக்கு வரும். அதுக்குன்னு ஒரு ஊசி போட்டதா எங்க பரம்பரையிலயே கிடையாது."

சினை ஊசி எல்லார் வீட்டிலும் போடுவதுதான், அதில் வெட்கமில்லை. பருவத்துக்கு வரவே ஊசி என்றால்தான் தலைகுனிவு. சம்பந்தியும் விடவில்லை. "எங்க வீட்டு மாடும் அப்படித்தான்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அப்படிப்பட்டவர், "உங்க மாட்டோட கன்னு ஒண்ணு வேணும்" என்று கேட்டு வந்திருக்கிறார்.

ஆனால் அந்த மாடோ, கன்று போட்டு நூற்றிருபது நாளாகியும் அசைபோடுவதைத் தவிர வேறு எதிலும் நாட்டம் காட்டவில்லை. மாட்டு டாக்டரம்மா கையை விட்டுச் சோதித்துவிட்டு, விரல் மடக்கிச் சொன்னார்: அன்றே ஓர் ஊசி, ஏழாம் நாள் ஓர் ஊசி, ஒன்பதாம் நாள் மாலை நாலு மணிக்கு ஓர் ஊசி, மறுநாள் காலை சினை ஊசி. "நேரம் தப்புச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து."

இன்று ஒன்பதாம் நாள்.

சம்பந்தியை உட்கார வைத்ததும் பெரியவர் தொழுவத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

"ரொம்பப் புழுங்குதே," என்றார் சம்பந்தி. "வெளியில உட்காருவோமா?"

வெளியே போட்ட நாற்காலிக்கு நேர் எதிரே தொழுவம்! ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கலாம் என்று பெரியவர் நொந்துகொண்ட அதே நொடியில், டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் உள்ளே நுழைந்தது. கையில் ஐஸ் பெட்டி வேறு.

சம்பந்திக்குக் காபி புரையேறியது.

"நம்ம... என் மச்சான் மக!" என்றார் பெரியவர். "சும்மா பார்த்துட்டுப் போக வந்திருக்கா. கல்யாணத்துக்கு வரலை. காய்ச்சல்."

சம்பந்தி எதுவும் கேட்கவே இல்லை. "இருக்கும், இருக்கும்," என்று காபி டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொஞ்சமும் தயங்காமல், "சௌக்கியமா மாமா?" என்றார்.

பெட்டியின் இடுக்கிலிருந்து தோள்வரை போடும் கையுறை ஒன்று எட்டிப் பார்த்தது. பெரியவர் அதையும் விளக்கினார். "அழகு நிலையம் வெச்சிருக்கா. தலைக்குச் சாயம் பூசறப்போ கையில படக்கூடாது பாருங்க."

"தோள் வரைக்குமா?" என்று கேட்டது சம்பந்தி அல்ல, சொந்த மனைவி.

"பெரிய தலையா இருந்தா?" என்று பல்லைக் கடித்தார் பெரியவர்.

"மாமா, மணி நாலு," என்றார் டாக்டரம்மா.

"போம்மா, போ. கன்னுக்குட்டியைக் கொஞ்சணும்னு சொன்னியே!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. சம்பந்தி வந்ததே கன்றைப் பார்க்கத்தான். நானும் வருகிறேன் என்று எழுந்துவிட்டால்? நாலு தலைமுறை மானமும் தொழுவத்திலேயே போய்விடும். அங்கே வாழப் போன பெண் எந்த முகத்தோடு நடமாடுவாள்? பெரியவர் சம்பந்தியின் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார்.

பிடித்திருக்கவே வேண்டாம். சம்பந்தி ஆணி அடித்தாற்போல அசையாமல் இருந்தார்.

தொழுவத்திலிருந்து மாடு "ம்மா" என்று வீறிட்டது.

இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பாசம்," என்றார் சம்பந்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"ஆமாமா, ரொம்பப் பாசம்."

"அப்ப நான் கிளம்பறேன். கன்னை அடுத்த வாரம் ஆள் விட்டு ஓட்டிக்கறேன்."

"பார்க்கவே இல்லையே?"

"உங்க வம்சத்தைப் பார்த்துத்தான் தெரியணுமா?"

பெரியவரின் முதுகு மறுபடி நிமிர்ந்தது. தப்பித்தது மானம். வாசல்வரை வந்து கைகூப்பினார். சம்பந்தி வண்டிக்குள் பாய்ந்து ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். டாக்டரம்மாவும் பெட்டியோடு ஸ்கூட்டருக்கு வந்தார்.

அப்போது சம்பந்தியின் டிரைவர், தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"டாக்டரம்மா, நம்ம மாட்டுக்கு நாளைக்கு ஒன்பதாம் நாள், மறந்துடாதீங்க! அங்க வந்து பழக்கதோஷத்துல இவர் மச்சான் மகள்னு சொல்லிடப் போறீங்க, அங்க நீங்க எங்க ஐயாவோட தங்கச்சி மக!"