ஹெரன் பிரிட்ஜில் பாதுகாப்பாகப் பனி அள்ளிய கதை

பனி அள்ளினால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பது ஹெரன் பிரிட்ஜில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்கள் நகராட்சிக்கு மட்டும் போன டிசம்பரில்தான் தெரியவந்தது. உபயம், மேயர் லோர்ன் ஹாஸ்கெட்டின் முதுகு.

உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் எடுக்க அவர் பனிவாரியோடு நகராட்சி வாசலில் நின்றார். ஈரப் பனியை நிறைய அள்ளி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே தோளுக்கு மேலே வீசினார். பனி போய் விழுந்தது. மேயர் வளைந்தது வளைந்தபடி நின்றார். அடுத்த சில வாரங்கள் அப்படியேதான் நடமாடினார். "எவ்வளவு பணிவு பாரு மனுஷனுக்கு!" என்று ஊர் மெச்சியது.

வலித்த முதுகு சட்டம் இயற்றியது. பொதுமக்களின் விலைமதிப்பற்ற முதுகுகளையும் தோள்களையும் பேணிக் காக்கும் உயரிய நோக்குடன், பனி அகற்றல் பாதுகாப்பு அலுவலர் என்றொரு பதவி உருவானது. தெற்கே பனியே விழாத கடற்கரை ஊரிலிருந்து பிரெண்ட் டுஃப்ரேன் என்பவர் வந்து சேர்ந்தார். அவர் வாழ்நாளில் பனிவாரியைத் தொட்டதில்லை. அதனால் அவருடைய முதுகு அப்பழுக்கில்லாமல் இருந்தது. தேர்வுக் குழுவை அசத்தியது அந்த முதுகுதான்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அள்ளுவதற்கு முன் கைகாலை அசைத்து உடம்பைச் சூடாக்கு. தூக்காதே, தள்ளு. தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் கொஞ்சமாக அள்ளி, முழங்காலை மடக்கித் தூக்கு. இடுப்பைத் திருகாதே, காலை நகர்த்தித் திரும்பு. தோளுக்கு மேலே வீசாதே. எல்லாம் தங்கமான யோசனைகள். கூடவே ஓர் உத்தரவும் வந்தது: பயிற்சி பெறாத எவரும் நகராட்சி இடத்தில் பனி அள்ளக் கூடாது. பயிற்சி, சமூகக் கூடத்தில்.

ஜனவரிப் புயலில் சமூகக் கூடத்தின் கதவு பனியில் புதைந்தது.

நகராட்சியின் நடைபாதைகளைப் பல குளிர்காலமாக அள்ளிவரும் வெர்னா ஸ்டாட்னிக், அலுவலரிடம் போய் நின்றார்.

"சார், பயிற்சி எடுத்தாத்தானே நான் அள்ளலாம்?"

"ஆமாம்மா."

"அள்ளினாத்தானே கூடத்துக்குள்ள போகலாம்?"

"அதுவும் சரிதான்."

"அப்ப என்ன சார் பண்றது?"

டுஃப்ரேன் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தபடி ஆழ்ந்து யோசித்தார். "ஏப்ரல்ல தானா உருகிடும்னு சொல்றாங்களே?"

இதற்குள் ஊரில் புது மோகம் பிடித்துவிட்டது. கடையில் வளைந்த கைப்பிடிப் பனிவாரி, இடுப்புப் பட்டை, முழங்கால் உறை எல்லாம் பறந்தன. காலையில் தெருவெங்கும் ஜனங்கள் வண்ண வண்ண இறுக்கக் கால்சட்டையில் கைகாலை வீசி உடம்பைச் சூடாக்கினார்கள். சூடானதும் களைத்துப்போய் காபி குடிக்க உள்ளே போனார்கள். முதுகுக்கும் சேதமில்லை, பனிக்கும் சேதமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஹார்வி ட்வைட்டுக்கு நெஞ்சு வலித்தது. மனைவி அயோன் அவரைக் காரில் போட்டுக்கொண்டு நகராட்சி கிளினிக்குக்கு வந்தார். வாசலில் இடுப்பளவு பனி. உள்ளேயிருந்து நர்ஸ் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தும் திறக்கவில்லை.

"யாராவது வழி பண்ணுங்களேன்! இவருக்கு மூச்சே விட முடியலை!" என்று அயோன் அலறினார்.

ஊரே கூடியது. எல்லார் கையிலும் வளைந்த கைப்பிடிப் பனிவாரி.

"நகராட்சி இடமாச்சே," என்றார் ஒருவர்.

"நான் இன்னும் உடம்பைச் சூடாக்கலை," என்றார் இன்னொருவர்.

வெர்னா ஓடி வந்து, பக்கத்தில் நின்றவரின் பனிவாரியைப் பிடுங்கி அள்ள ஆரம்பித்தார்.

"முழங்காலை மடக்கு வெர்னா!"

"திருகாதே, காலை நகர்த்து!"

"கொஞ்சமா அள்ளும்மா, கொஞ்சமா!"

"வாயை மூடிட்டு ஒரு கை குடுங்களேன்யா!" என்று வெர்னா கத்தினார். அவர் மூச்சு வாங்கும் விதமே சரியில்லை என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். தள்ள இடமில்லாத இடத்தில், அவர் தோளுக்கு மேலே வீசித்தான் ஆக வேண்டியிருந்தது. கதவு திறந்தது. ஹார்வி உள்ளே போனார், பிழைத்தார். வெர்னாவின் வலது தோள் போனது.

விசாரணை நடந்தது. இந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தோளில் அடி. அவர் பனி அள்ளியவர். அள்ளாதவர்கள் அனைவரும் நலம். ஆகவே திட்டம் மகத்தான வெற்றி. டுஃப்ரேன் நிரந்தரமாக்கப்பட்டார்.

ஊர் கொதித்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டு மேயரை உலுக்கி எடுத்தோம். "அதிகாரிகளுக்கு மனசாட்சியே கிடையாதா?" என்று ஹார்வி மேசையைத் தட்டினார். பலத்த கைதட்டல்.

கட்டுப் போட்ட கையோடு வெர்னா எழுந்தார். "போதும்பா. என் தோள் சரியாக நாளாகும். நாளைக்கு மறுபடியும் பனி கொட்டப் போகுதாம். கிளினிக் வாசலை யார் அள்றீங்க?"



முதலில் ஹார்வியின் கை மெல்ல இடுப்புக்குப் போனது. "ஸ்ஸ்... காலையிலேர்ந்தே ஒரு மாதிரி பிடிச்சு இழுக்குது." அயோனின் கையும் போனது. பிறகு வரிசை வரிசையாக எல்லார் கையும் போனது.

மேயரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டுஃப்ரேனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அருமை! இடுப்பை இப்படித்தான் தாங்கிப் பிடிக்கணும்," என்றார்.